கயிறு கட்டிய பெட்டி

4 ஜூலை 2025

சனோபருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசக் கிடைக்கிற கொஞ்ச நேரமும் உன் அழுகையிலேயே போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஜெயிலுக்கு வந்து நம்மூர்க்காரர்களைப் பார்க்கிற மணிமுத்து அண்ணாச்சி என்று ஒருவர் இருக்கிறார், செங்கோட்டைக்காரர். அவர் இதை வாங்கி அனுப்புகிறேன் என்றார். நீயும் அவர் விலாசத்துக்கே எழுது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். கல்ஃப் வந்து இறங்கினதும் ஏர்போர்ட்டில் என் பெட்டி மிஷினுக்குள் போய் வந்ததும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நீயே கட்டினதா, வேறு யாராவது எதையாவது கொடுத்துவிட்டார்களா என்று கேட்டார்கள். நானும் நம் தெருவில் பயணம் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பார்களே, அதையே சொன்னேன். "எல்லாம் என்னோடதுதான், நானே கட்டினது." அடுத்த வீட்டார் கொடுத்த பொட்டலம் என்று சொன்னால் பிரித்துப் போட்டுக் குப்பையில் தட்டிவிடுவார்கள் என்ற பயம். வருஷா வருஷம் சொல்கிற பொய்தானே. இந்தத் தடவை அதை எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

என் முடிச்சை அவிழ்க்க அந்த ஆளுக்கு வரவில்லை, கயிற்றைக் கத்தியால் அறுத்தான். எலுமிச்சங்காய் ஊறுகாய், முறுக்கு, மங்குஸ்தான் எல்லாவற்றையும் எடுத்து வைத்தான். புதுக் கைலியின் மடிப்புக்குள் அட்டை அட்டையாகக் கேப்சூல் இருந்தது. நரம்பு வலிக்குக் கொடுப்பார்களாம். இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் வைத்திருந்தால் அது போதைச் சரக்கு. சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது சனோபர்.

அடுத்த வீட்டு மிஸ்ரியா இங்கே வேலை பார்க்கிற தன் புருஷனுக்கு ஒரு துணிப் பொட்டலம் கொடுத்தாளே, அவருக்கு முதுகு வலி என்பார்களே. அதில் இருந்து விழுந்ததா என்று பதமாகக் கேள். சண்டை போடாதே. உன் வாய் எனக்குத் தெரியும். செப்டம்பர் கடைசியில் கேஸ் விசாரணைக்கு வருகிறது. கொடுத்தவர் யார் என்று காட்டாவிட்டால் வருஷக் கணக்கில் உள்ளே கிடக்க வேண்டும் என்கிறார் வக்கீல்.

பாரூக்


15 ஜூலை 2025

மச்சான்,

நலமா என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை, கேட்கவில்லை.

சண்டை போடாதே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் வருமுன்னே போட்டாயிற்று. போனில் நீங்கள் மிஸ்ரியா பேரை எடுத்த அன்றைக்கே அவள் வாசலில் போய் நின்றேன். அவளும் விடவில்லை. "ஏட்டி, எம் மாப்பிள்ளைக்கு நான் வெஷத்தயா கட்டிக் கொடுத்துவிடுவேன்? வெந்தயப் பொடியும் ரெண்டு பனியனும்தாம்ட்டி அதுல இருந்துச்சு. குர்ஆன எடுத்துட்டு வா, கைய வச்சுச் சொல்லுதேன்!" என்று தெருவே கூடுகிற மாதிரி கத்தினாள். கையும் வைத்தாள். அவள் கண்ணைப் பார்த்தேன், பொய் இல்லை. இப்போது குத்துக்கல்வலசையில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் "கேப்சூல்காரன் பொண்டாட்டி" என்று என் காது படவே சொல்கிறார்கள். நாசமாய்ப் போவார்கள்.

மெடிக்கல் கடை செல்லச்சாமி அண்ணாச்சியிடம் போய் இந்த மாத்திரையை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "கடையில எவனும் வாங்க முடியாதும்மா. கேமரா மாட்டச் சொல்லிட்டாங்க, சீட்டு இல்லாம ஒரு அட்டை குடுத்தா லைசென்சு போயிரும். அதனால பயலுவ எங்ககிட்ட வாரதில்ல. வடக்க இருந்து கூரியர்ல வருதுங்காங்க. சீசன் கூட்டத்தோட கூட்டமாக் குத்தாலத்துல கைமாறுது. கேப்சூல உடைச்சுத் தண்ணியில கரைச்சு ஊசியில ஏத்துதானுவ" என்றார்.

இந்த நேரத்தில் என்கூட ஓடியாட ஆசிப் மட்டும்தான் இருக்கிறான். கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதினது என் தம்பிதான். காலேஜில் போதை எதிர்ப்பு மன்றத்துக்கு அவனைத்தான் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். போன மாதம் உறுதிமொழி நாளில் மைக்கைப் பிடித்து அவன் வாசிக்க, மொத்தக் காலேஜும் கையை நீட்டித் திருப்பிச் சொன்னது. பேப்பரில் படம்கூட வந்தது. பாவம், உங்கள் கவலையில் பிள்ளை பாதியாகிவிட்டான். சாரல் காற்று ஒத்துக்கொள்ளாமல் எந்நேரமும் மூக்கு ஒழுகல், முழுக்கைச் சட்டை, ஒரே படுக்கை. உம்மா ஓதிப் பார்த்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வேறு யார் பொட்டலம் பெட்டிக்குள் இருந்தது என்று யோசித்து எழுதுங்கள். நான் யார் வாசலிலும் போய் நிற்பேன்.

சனோபர்


28 ஜூலை 2025

சனோபருக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படி. மாமியிடம் காட்டாதே.

வக்கீல் கேஸ் கட்டைக் கொண்டுவந்து காட்டினார். கயிற்றை அறுப்பதற்கு முன்னால் பெட்டியைப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். என் முடிச்சுதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போட்டோவை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். ஏ.சி.யின் வெளி மிஷினை மாடிக்கு ஏற்றுவதற்கு எங்கள் வேலையில் போடுகிற முடிச்சு அது. கடைசி வளையத்தை நான் வலது பக்கம் சொருகுவேன். படத்தில் இடது பக்கம் சொருகியிருக்கிறது.

யாரோ அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டியிருக்கிறார்கள். அந்த முடிச்சு நம் வீட்டில் இன்னும் ஒருவனுக்குத்தான் தெரியும். லீவில் வந்தபோது ஆய்க்குடியில் ஒரு வீட்டுக்கு ஏ.சி. மாட்ட அவனைக் கூட்டிப்போய் நானே சொல்லிக்கொடுத்தேன். அவன் நொட்டாங்கைக்காரன்.

நான் நினைப்பது தப்பாக இருக்கவேண்டும் என்று ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். ஆனால் கேட்டுவிடு. அவன் முகத்தைப் பார்த்துக் கேள்.

பாரூக்


6 ஆகஸ்ட் 2025

உங்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? மிஸ்ரியா போய் இப்போது என் தம்பியா? வாப்பா மௌத்தானபோது அவன் பால்குடிப் பிள்ளை. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். உங்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறான், உங்கள் பெயரைச் சொன்னால் அவன் கண் கலங்குகிறது, அவனைப் போய்! ஒரு வளையம் இடது பக்கம் இருந்தால் அவன் கள்ளனா? ஜெயிலில் கிடந்தால் புத்தி இப்படித்தான் போகும் போலிருக்கிறது. இனி அவன் பெயரை எழுதினால் நான் பதில் போடமாட்டேன்.

8 ஆகஸ்ட்

மச்சான், மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். உங்களைப் பேசின பேச்சு உங்களிடமே வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் சந்தேகத்தைப் பொய்யாக்கத்தான் அதைச் செய்தேன். பழைய துணிகளை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, "ஏலே ஆசிப், இதக் கொஞ்சம் கட்டித் தாலே" என்று கயிற்றைக் கொடுத்தேன். மளமளவென்று கட்டினான். கடைசி வளையத்தை இடது பக்கம் சொருகிவிட்டு நிமிர்ந்தவன் என் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன், பொத்தான் தெறித்தது. கை முழுக்க ஊசித் தடம், மச்சான். சில இடம் கட்டி கட்டியாக வீங்கியிருக்கிறது.

எஸ்.ஐ. சங்கரேஸ்வரி மேடம் நம் பக்கத்து வாடகை ரூம்களை எல்லாம் சோதனை போட்ட நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள். அவனோடு படிக்கிற ஒருவன் மாட்டியிருக்கிறான். அடுத்து நம் வீடு என்று இவனுக்குப் பயம். தான் போட்டுக்கொள்வதற்கு மட்டும் இல்லை, குற்றாலத்தில் விற்கிறவன் கொடுத்துவைத்த சரக்கும் இவனிடம் இருந்திருக்கிறது. நம் வீட்டில் யாரும் தொடாத இடம் எது? கயிறு கட்டின பெட்டி. உம்மா துஆ ஓதி ஊதி வைத்துவிட்டால் அது ஊர் போய்ச் சேருகிறவரை அவிழ்க்கமாட்டோமே. அதில் வைத்துக் கட்டிவிட்டான். காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தானாம். சீசன் நெரிசலுக்குப் பயந்து வேன்காரன் சீக்கிரமே வந்துவிட்டான். இவன் மயக்கத்தில் கிடந்திருக்கிறான். எழுந்து பார்த்தால் பெட்டி இல்லை.

"போன் பண்ணிச் சொல்லிருக்கலாம்லாலே! ஒரு வார்த்த சொல்லிருந்தா திருவனந்தபுரத்துலயே எடுத்து எறிஞ்சிருப்பாரே!" என்று அறைந்தேன்.

"போன கையில எடுத்தேன் ராத்தா. மச்சான் நம்பரக்கூட எடுத்துட்டேன். சொன்னா அதுக்கப்புறம் நீங்கள்லாம் என்ன எப்படிப் பாப்பீங்கன்னு… ஒருவேள செக் பண்ணாம விட்ருவாங்கன்னு நெனச்சேன் ராத்தா" என்றான்.

அவ்வளவையும் எழுதிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

சனோபர்


19 ஆகஸ்ட் 2025

சனோபர்,

அவன் கையில் போன் இருந்திருக்கிறது. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாத்திரை சாப்பிடுகிறவனை மன்னிக்கலாம், ஒளித்துவைத்தவனைக்கூட மன்னிக்கலாம். நான் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் உட்கார்ந்து மாமி கட்டிக்கொடுத்த இட்லியைத் தின்றுகொண்டிருந்தேன். அப்போது என் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான். என்னை மாட்டவிட்டு மைக்கில் உறுதிமொழி வேறு வாசித்திருக்கிறான்!

வக்கீலிடம் சொன்னேன். தென்காசி ஸ்டேஷனில் அவன் தன் வாயால் சொல்லி, கேஸ் பதிவாகி, அந்தக் காகிதம் தூதரகம் வழியாக இந்தக் கோர்ட்டுக்கு வரவேண்டுமாம். வெறும் வாய்ப்பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். விசாரணைக்கு முன்னால் வந்தால் நான் வெளியே வர வழி இருக்கிறது.

ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போ. தம்பி என்று பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு இனி எழுதவேண்டாம்.

பாரூக்


1 செப்டம்பர் 2025

மச்சான்,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதாமல் என்னால் முடியாது.

அவனை அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் கொண்டுபோனேன். அங்கே போதை மறுவாழ்வுக்கு என்று தனி வார்டு இருக்கிறது. ஸ்ரீமதி டாக்டர் பார்த்தார். ஊசிப் புண்ணில் சீழ் வைத்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கையை எடுக்கவேண்டி வந்திருக்கும் என்றார். மாத்திரை இல்லாமல் அவன் கட்டிலில் கிடந்து துடித்ததை நான் பார்த்தேன். பல் கிட்டிப்போய், வியர்த்து, வாந்தி எடுத்து, உம்மாவையே கெட்ட வார்த்தையில் திட்டினான். இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறான். சோறு இறங்குகிறது. அந்த வார்டில் பாதி அவன் வயசுப் பிள்ளைகள்தான் மச்சான். புளியங்குடியில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற பையனிலிருந்து இஞ்சினியரிங் படிக்கிறவன் வரை கிடக்கிறான்.

சங்கரேஸ்வரி மேடத்திடம் யார் பெயரையும் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். அவர் ஒன்றும் புரியாதவர் இல்லை. "இங்க பாருங்கம்மா, வைத்தியத்துக்கு வந்த பிள்ளைய நாங்க தேடிப் போயிப் பிடிக்குததில்ல. ஆனா வித்தேன், ஒளிச்சு வச்சேன்னு எங்கிட்ட வந்து சொல்லிட்டா நான் எழுதித்தான் ஆவணும். ரிமாண்டுதான். நல்லா யோசிச்சிட்டு வாங்க" என்றார்.

ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகவேண்டும் என்று உம்மாவிடம் சொன்னேன். அவள் என் காலைப் பிடித்துவிட்டாள் மச்சான், பெற்ற தாய் என் காலை! "மருமவன் ஆம்பள, நாலு ஊரு பாத்தவரு, தாங்கிக்கிடுவாரு. இவன் உள்ள போனா மௌத்தாப் போயிருவாம்ட்டி" என்று அழுகிறாள். எனக்கு அவளைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. அவள் சொல்வது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயமும் வந்தது.

இன்னொன்று. நம் வீட்டு முன்னால் இரண்டு பேர் ஏறின ஒரு பைக் இப்போது வந்து வந்து போகிறது. அவன்கள் யாரென்று ஆசிப்புக்குத் தெரியும். வாயைத் திறந்தால் முடித்துவிடுவார்கள் என்கிறான்.

நான் இன்னும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

சனோபர்


10 செப்டம்பர் 2025

சனோபருக்கு,

என் அறைக்குப் புதிதாக ஒரு பையனைக் கொண்டுவந்து போட்டார்கள். மலையாளி, புனலூர்க்காரன். அவனுக்கும் இதே மாத்திரைப் பழக்கம். மாத்திரை கிடைக்காமல் அவன் பட்ட பாட்டை நீ எழுதினபடியே பார்த்தேன். சுவரில் மண்டையை மோதுகிறான். நாங்கள் கத்தினோம், கம்பியைத் தட்டினோம், காவல்காரன் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். டாக்டர் வரவே இல்லை. நான்தான் அவனை மடியில் போட்டுப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். விடிந்து வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்தானா என்று கேட்டேன். உன் வேலையைப் பார் என்றார்கள்.

ஆசிப்பைக் கூட்டிப் போகவேண்டாம். போன கடிதத்தில் கோபத்தில் எழுதிவிட்டேன். அவன் ஆஸ்பத்திரியிலேயே இருந்து குணமாகட்டும். மாமி சொன்னதில் தப்பில்லை, நான் தாங்கிக்கொள்வேன். அவன்மேல் உள்ள கோபம் எனக்குப் போகவில்லை, அது பொய். ஆனால் அவன் இப்படிச் சுவரில் மோதிச் சாகவேண்டாம்.

கம்பியைத் தட்டினதற்கு எங்கள் போனை நிறுத்திவிட்டார்கள். இது கிடைத்ததும் மணிமுத்து அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டு, "கூட்டிப் போகவில்லை" என்று சொல்லிவிடு.

பாரூக்


18 செப்டம்பர் 2025

மச்சான்,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. கொஞ்சம் முந்தி வந்திருக்கக்கூடாதா? போன வெள்ளிக்கிழமை ஆசிப் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

நான் கூட்டிப் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. வார்டில் வைத்து அவனே, "ராத்தா, எப்பம் போவோம்?" என்று கேட்டான். எதற்கென்று நான் கேட்கவில்லை. ஜும்ஆ முடிந்து ஆட்டோவில் ஏறினோம். பாதி வழியில் எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. "அண்ணாச்சி, வீட்டுக்கே விடுங்க" என்று டிரைவரிடம் சொன்னேன். ஆட்டோ திரும்பியது. ஆசிப், "ராத்தா, ஸ்டேஷன் அந்தப் பக்கம்லா இருக்கு" என்றான். அவன் சொல்லித்தான் ஆட்டோ மறுபடி திரும்பியது.

சங்கரேஸ்வரி மேடம் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார். "நான்தான் வச்சேன் மேடம். எங்க மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு நல்லவரு" என்றான். போன் கையில் இருந்ததையும் அவனேதான் சொன்னான், யாரும் கேட்கவில்லை. விற்றவன் பெயரையும் சொன்னான். அன்றைக்கே குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் இருந்த ரூமை உடைத்து, பெட்டி பெட்டியாக எடுத்தார்கள். பைக்கில் வந்தவன்களில் ஒருவன் உள்ளே இருக்கிறான். மற்றவன் வெளியே இருக்கிறான். எனக்குப் பயம்தான், கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். டிவியில் எவ்வளவு பிடித்தோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். சொன்னவன் யார் என்று யாரும் சொல்லவில்லை, அதுவரைக்கும் நல்லது.

இவனையும் ரிமாண்ட் செய்து பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீமதி டாக்டர் ஜெயில் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார், மருந்து நிற்காது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறார். வேனில் ஏறும்போது உம்மா அவனைத் தொடப் போனாள், விடவில்லை. உம்மா இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையால் பொங்கினதைச் சாப்பிடுவதும் இல்லை, தனியாகக் கஞ்சி வைத்துக் குடிக்கிறாள். மிஸ்ரியாதான் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனாள்.

காகிதம் தூதரகத்துக்குப் போய்விட்டது. வக்கீல் கையில் சேர்ந்துவிட்டது என்று மணிமுத்து அண்ணாச்சி இன்றைக்குப் போன் பண்ணினார். விசாரணைக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவார்களாம், உங்களை விட்டுவிட வாய்ப்பு இருக்கிறது என்றார். அவர் சொல்லும்போது எனக்குச் சந்தோஷம் வந்தது மச்சான். வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

கூட்டிப் போகச் சொன்னதும் நீங்கள்தான், வேண்டாம் என்றதும் நீங்கள்தான். நான் இரண்டுக்கும் நடுவில் நின்று என் தம்பியைக் கொடுத்திருக்கிறேன். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் வருகிற அன்றைக்கு நான் ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன். வீட்டுக்கும் நேரே வராதீர்கள். பாளையங்கோட்டைக்குப் போய், மனு எழுதிக் கொடுத்து, அவனைப் பாருங்கள். அடிக்கவேண்டும் என்று தோன்றினால் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று வாயாலேயே அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் பார்த்துவிட்டு வாருங்கள். அவன் சாப்பிடுகிறானா, கை ஆறிவிட்டதா என்று உம்மாவிடம் நீங்கள்தான் வந்து சொல்லவேண்டும். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

சனோபர்